பாலம் கடக்க ஒரு கார்டு

காலையில் ரொஹெலியோ காபி போட்டான். முந்தின நாள் பீன்ஸைச் சூடாக்கி இரண்டு மாவு ரொட்டிகளில் தடவிச் சுருட்டினான். ஒன்றை மகள் தலிலா தின்றாள். மற்றது தட்டிலேயே ஆறியது. தட்டைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

அமெரிக்க எல்லையில் பிரவுன்ஸ்வில் பாலத்தைத் தாண்டினால் மெக்சிகோவின் மத்தமோரோஸ். ஏப்ரல் கடைசியில் அங்கே குழந்தைகள் தினம். தலிலாவின் நடனக் குழு ஆடப் போகிறது. இதுநாள்வரை பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் குழந்தைகள் பாலம் கடந்து திரும்பினார்கள். டீச்சருக்கு அது போதவில்லை. "காகிதத்தைத் தொலைச்சிட்டு அங்க நின்னு அழுவீங்க. பர்ஸ்ல வைக்கிற பாஸ்போர்ட் கார்டு இருக்குல்ல, அது இல்லாதவங்க பஸ்ல ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

பாஸ்போர்ட் மனு வாங்கும் தபால் நிலைய ஜன்னலில் ட்ரெவீனோ அம்மாள் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருப்பா இதுக்கு லேமினேஷன் போட்டது?"

"என் வீட்டுக்காரி."

"நம்மூர்ப் பொம்பளைங்களுக்கு இதே வேலை. எங்கக்கா கல்யாணப் பத்திரிகையக்கூட விட்டு வைக்கல. முத்திரையத் தொட்டுப் பாக்கணும் தம்பி. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா. அப்படியே அவங்களையும் கூட்டிட்டு வா. சின்னப் புள்ளைன்னா அம்மா, அப்பா ரெண்டு பேரும் வந்து நிக்கணும்."

மனைவி மரிசேலாவின் இறப்புச் சான்றிதழ் அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து அந்த வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"சரிங்க" என்று வெளியே வந்துவிட்டான். இன்றைக்குத் தப்பித்தோம் என்றிருந்தது.

கூடவே வந்திருந்த தலிலா வண்டியில் கேட்டாள்: "அம்மாவ எங்கேருந்து கூட்டிட்டு வருவே?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

"உனக்கு வரலேன்னா நான் சொல்லட்டுமா?"

ஏழு வயதுப் பிள்ளை. வழி தெரியாதவனுக்கு வழி சொல்வதுபோல் கேட்டாள்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

புதுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அதே ஜன்னலுக்குத் திரும்பினார்கள்.

"அவங்க எங்க?"

"இறந்துட்டா. நவம்பர்ல."

சொல்லிவிட்டான். சுவர் இடிந்து விழவில்லை. பின்னால் நின்றவர் இருமினார். ட்ரெவீனோ அம்மாள் அவன் நீட்டிய இறப்புச் சான்றிதழைப் பிரித்துப் படித்தாள். அனுதாபம் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு.

"கண்ணு, இவரு யாரு?"

"எங்கப்பா."

"வலது கையத் தூக்குங்க தம்பி. எழுதினதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்களா?"

அவன் கையைத் தூக்கினான். பக்கத்தில் இன்னொரு சின்னக் கையும் உயர்ந்தது.

"நீ தூக்க வேணாம்மா."

"இருக்கட்டும்" என்றாள் தலிலா. அவன் கை இறங்கும்வரை அவள் கையும் இறங்கவில்லை.

சில வாரங்களில் கார்டு வந்தது. தெருமுனையில் டாக்கோ விற்பவர்வரை எல்லோருக்கும் காட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்து, "மேயரம்மா, இனிமே எங்களையெல்லாம் கண்டுக்குவீங்களா?" என்றார். "யோசிக்கிறேன்" என்றாள்.

ஆட்டம் முடிந்து திரும்பும்போது பாலத்தில் குழந்தைகள் வரிசையாக நடந்தார்கள். தலிலா யாரையும் கார்டைத் தொட விடவில்லை. எக்கி நின்று தானே மேசைமேல் வைத்தாள். எல்லை அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எல்லோரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டார்: "அந்தப் பக்கத்திலேருந்து ஏதாவது கொண்டு வர்றியா?"

மரிசேலாவின் தங்கை சாயோ இதைத் தெருவெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். 'எங்கம்மாவோட ஆசீர்வாதத்தைக் கொண்டு வர்றேன்' என்று பிள்ளை சொன்னதாம், அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். சாயோ அன்றைக்குப் பாலத்தில் இல்லை. ரொஹெலியோ மகளுக்கு நேர் பின்னால் நின்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவள் சொன்னது இதுதான்:

"ஒண்ணுமில்ல சார். முதல் வரிசைல ஆடினேன். எங்கப்பா அழுதாரு. அதையும் சொல்லணுமா?"