முத்துராணி அழுத அன்று

பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கதையை இசக்கிதுரை தவறுதலாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அவர் மனைவி முத்துராணியே 'நான், நான்' என்று சொல்வதாக எழுதிய கதை. கல்யாணத்துக்காக டீச்சர் வேலையை விட்ட அன்று அவள் வடித்த ஆனந்தக் கண்ணீரோடு அதை முடித்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று அந்த அழுகையைப் பார்த்தவராயிற்றே! குழுவில் கைதட்டல்கள் குவிந்தன. அவள் கைதட்டல் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் தோசைக்கு நடுவில் அவரே பைய இளித்தார்.

"கதை எப்படி இருக்கு?"

"குலசை கோயில் தசராவுக்கு வேசம் போட்டு ஆம்பள சேல கட்டுன மாதிரி இருக்கு. உள்ள நிக்கது நீங்கதான்."

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டார்.

"அப்ப அன்னைக்கு ஏன்டி அழுத?"

"வேலைய விட எனக்கு இஷ்டமே இல்ல. அதான் அழுதேன்."