இராமலட்சுமிக்குத் திறக்காத கதவு

ஆடிக் கடைசி வெள்ளி. அச்சன்புதூரில் பரமேஸ்வரன் வீட்டில் இராமலட்சுமி ஆச்சிக்குப் படைப்பு. நாலு தலைமுறைக்கு முன்னால் இந்த வீட்டில் பிறந்து, வாக்கப்பட்ட இடத்தில் புருஷன் சந்தேகப்பட்டான் என்று உயிரை விட்டவள். பத்தொன்பது வயதில் போன பெண்ணை ஆச்சி என்கிறார்கள். அதிலேயே உமா மகேஸ்வரிக்கு எரிச்சல்.

உமா பரமேஸ்வரனின் அக்கா. புருஷன் போனபிறகு பதினைந்து வருஷமாக ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்து, குடித்துவிட்டு வந்து சலம்புகிறவர்களை ஒரே பார்வையில் அடக்கிப் பழகியவள். விளக்கேற்றியதும் வீட்டின் மூத்த பெண் ஆச்சியின் கதையைச் சொல்ல வேண்டும், முடித்ததும் பெண்கள் குலவையிட வேண்டும், அப்புறம்தான் கற்பூரம். இந்த வருஷம் மூத்தவள் உமாதான்.

வந்ததும் வராததுமாக, "பிரியா எங்கலே?" என்று கேட்டாள்.

"பின் ரூம்ல இருக்கா. இங்கன வர வேண்டாம்க்கா. அவ செஞ்ச காரியத்துக்குச் சாமி முன்னால நிக்கக் கூடாது. தீட்டு," என்றான் பரமேஸ்வரன்.

அவன் கட்டிக்கொடுத்த மகள் சண்முகப்பிரியா செய்த காரியம், மூன்று வாரத்துக்கு முன் சாகப் பார்த்து, தென்காசி ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தது. ஊருக்கு வயிற்றுவலி என்று சொல்லியாயிற்று. அன்றிலிருந்து பிள்ளை வாய் திறக்கவில்லை. மனநல டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் கிடந்தது.

"நாளைக்கு மாப்பிள்ளை கூட்டிட்டுப் போக வருதாரு. பேசி முடிச்சாச்சு. இனிமே கை நீட்ட மாட்டேன்னு சொல்லுதாரு."

"போன தடவையும் அதத்தானலே சொன்னாரு?"

பரமேஸ்வரன் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான்.

உமாவுக்குக் காதெல்லாம் சுட்டது. செத்தவளுக்குப் பட்டுச்சேலை, பிழைத்து வந்தவளுக்குப் பின்அறை! லாட்ஜில் தன்னோடு வேலை பார்க்கும் ஹாஜரா பீவியிடம் போன வாரம், பிரியா சாகப் பார்த்ததைச் சொல்லிப் புலம்பியிருந்தாள். "எங்கள்ல அது பெரிய பாவம்க்கா," என்றாள் அவள். "ஆனா எங்க தெருவுல ஒரு பிள்ள அப்படிப் போனப்ப, அது நரகத்துக்குப் போவுமான்னுதான் எல்லாரும் பேசுனாங்க. வீட்டுக்குள்ள அது பட்ட நரகத்தை ஒருத்தரும் பேசல." அங்கே பாவம், இங்கே சாமி. உயிரோடு இருந்தபோது உனக்கு என்னம்மா என்று கேட்கத்தான் இரண்டு பக்கமும் நாதியில்லை.

உமா பின்அறைக்குப் போய்ப் பிரியாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, படைப்புக்கு முன்னால் தன் பக்கத்தில் உட்கார்த்தினாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பரமேஸ்வரன் முகம் கடுகடுவென்று ஆனது. "கதையைச் சொல்லுக்கா, நேரமாவுது," என்றான்.

"இராமலட்சுமி மானஸ்தி," என்று உமா ஆரம்பித்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்ததாக, மானம் பெரிசென்று உயிரை விட்டாள் என்று சொல்ல வேண்டும். பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் உமாவுக்கு நாக்கு எழும்பவில்லை. ஆத்திரம்தான் எழும்பியது.

"சாவதுக்கு முந்தின நாளு அவ இந்த வீட்டுக்கு ஓடி வந்தா. அம்மா கடைசியா படுத்துக் கெடந்தப்ப எங்கிட்ட சொன்னது இது. அண்ணே, அடிக்கான், நான் போவ மாட்டேன்னு இதே கதவத் தட்டுனா. அண்ணன்காரன் திறக்கல. கெட்டிக்குடுத்த இடத்துல கெடன்னு உள்ள இருந்தே சொல்லிட்டான். மறுநாளு செத்துப் போனா. அப்புறம் பயந்து போயிச் சாமியாக்கிக் கும்பிட்டாங்க. அவ மானத்துக்காகச் சாகல. போக்கிடம் இல்லாம செத்தா."

ஒருத்தி வாயிலிருந்தும் குலவை வரவில்லை.

"ஏக்கா, சாமிக் குத்தம்!" என்று எழுந்தான் பரமேஸ்வரன்.

"குத்தம் செஞ்சது நம்ம வீட்டு ஆம்பளலே. அன்னைக்குக் கதவத் திறந்திருந்தா அவ சாமி ஆயிருக்க மாட்டா. பல்லு போன கிழவியா உக்காந்து பேரன் பேத்திய வஞ்சிருப்பா. நீ நாளைக்குப் பிரியாவ அனுப்பு. அடுத்த ஆடிக்கு ரெண்டு சாமிக்குப் படைக்கலாம். சேலை மட்டும் நல்லதா எடு, என்ன?"

பிரியாவின் அம்மா அகிலாண்டேஸ்வரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பரமேஸ்வரன் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான்.

"எனக்குச் சாமியாவ வேண்டாம் அத்த."

பிரியாதான். மூன்று வாரம் பேசாத தொண்டை கரகரத்தது. "எனக்குப் பசிக்கு," என்றாள்.

கற்பூரம் காட்டுமுன் படைப்பில் கை வைத்தவர் அந்த வீட்டில் இதுவரை கிடையாது. உமா எட்டி, சாமிக்குப் போட்ட இலையை அப்படியே இழுத்துப் பிரியாவின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டுட்டுத் துணிமணிய எடுத்துக்க. எங்கூடக் குற்றாலத்துக்கு வா. நாளைக்கே டாக்டரப் பாப்போம். ஏலே பரமு, ஒம் மாப்பிள்ளை வந்தாருன்னா இராமலட்சுமி கதைய நீயே அவருக்குச் சொல்லு."

பரமேஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் அகிலாண்டேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, மகள் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"மெதுவா தின்னு பிள்ள," என்றாள்.