கவிழ்த்த சிரட்டைகள்

மழை ஓய்ந்த மறுநாள் காலை, எஹலியகொடையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் றிப்தா தோட்டத்துச் சந்தியில் இறங்கினாள். காலில் அட்டை ஏறாத தடித்த காலுறை, தோளில் கமெரா, மனம் முழுக்க ஒரு தவளை. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும் அது. அதை நம்பி அவள் ஒரு ஓடைக்கரையையே காப்பாற்றக் கிளம்பியிருந்தாள். எஹலியகொடையில் கடை வைத்திருக்கும் அவளுடைய வாப்பாவுக்கே இது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மகள் பல்கலைக்கழகத்தில் எதையோ ஆராய்கிறாள் என்று வாடிக்கையாளர்களிடம் பொதுப்படையாகச் சொல்லிச் சமாளித்துக்கொள்வார்.

தோட்டத்தில் பழைய மலை என்று றப்பர் மரங்கள் நிற்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. மரங்களுக்கு வயதாகிப் பால் வற்றிவிட்டதால் அடியோடு தோண்டி எடுத்துவிட்டு இளங்கன்று நட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அந்தத் துண்டின் அடிவாரத்தில் ஓடையை ஒட்டிச் சில வரிசை மரங்கள் நின்றன. றிப்தா முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டது அங்கேதான். இரண்டு சல்லிக்காசை ஒன்றோடொன்று தட்டினாற்போல, டிக் டிக் என்று. பல்கலைக்கழகத்தில் இருந்த எந்தத் தவளைக் குரல் பதிவோடும் அது ஒத்துவரவில்லை.

அவள் ஓடிப்போய்த் தொரையிடம் சொன்னாள். தோட்டத்து மனேஜர், நல்ல மனிதர்தான். ஆனால் தவளைக்காக மரத்தை விடச்சொல்லி ஒருத்தி வருவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சிரித்துவிட்டு, தவளை இன்றைக்கு இங்கே கத்தும், நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கத்தும் என்றார். இங்கேதான் அது குஞ்சு பொரிக்கிறது என்று என் கண்ணுக்குக் காட்டு, ஓடையோரத்து வரிசைகளை விட்டுவிடுகிறேன் என்றார். மழை விட்டதும் மரம் தோண்டும் மெஷின் வரும், அதற்கு முன்னால் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அந்த ‘மழை விட்டதும்’ இன்றைக்குத்தான்.

றிப்தா பயப்படவில்லை. பழைய மலையில் பால்வெட்டு நின்றிருந்தாலும் பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டைகள் மரங்களில் அப்படியே தொங்கின. மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு சிரட்டையின் விளிம்பில், தொண்டை புடைக்க உட்கார்ந்து கத்திய தவளையை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். பார்த்த கணமே முடிவு கட்டிவிட்டாள்: இது சிரட்டைத் தண்ணீரில்தான் முட்டையிடும், அதில்தான் தலைப்பிரட்டை நீந்தும். கண்டது ஒன்று, அதை வைத்துக் காணாததையெல்லாம் எழுதி முடிப்பதில் படித்தவர்களை மிஞ்ச ஆளில்லை. ஓடையோரத்து மரங்களுக்குச் சிவப்பு நாடா கட்டிவிட்டு, இந்தச் சிரட்டைகளை மட்டும் யாரும் தொடவேண்டாம் என்று மூக்காயியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மூக்காயி அடுத்த துண்டில் பால் வெட்டுகிறவள். றிப்தா வந்த நாளெல்லாம் அவளுக்குப் பிளேன்டீ கொடுத்து, தவளையைப் படித்தால் வேலை கிடைக்குமா மிஸ் என்று கேட்டு வம்பிழுப்பவள். சிரட்டை விஷயத்தில் சரி என்று தலையாட்டியது உண்மை. ஆனால் போன வருஷம் அவளுடைய மகன் இந்திரகுமாருக்கு டெங்கு வந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். சாவின் வாசல் வரை போய்த் திரும்பினான். அதிலிருந்து தேங்கிநிற்கும் தண்ணீரைக் கண்டால் மூக்காயிக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருடைய வாளியாக இருந்தாலும் கேட்காமல் கவிழ்த்துவிடுவாள்.

பிறகு பெருமழை பிடித்தது. ஓடைகள் ரோட்டில் ஏறின, மண்மேடு சரிந்து பஸ் நின்றது. வாரக்கணக்கில் றிப்தாவால் தோட்டப் பக்கம் வரமுடியவில்லை. வாப்பாவின் கடைக் கூரையில் மழை கொட்டக் கொட்ட, சிரட்டைகள் நிறைகின்றன என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது பழைய மலையில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மலைச்சரிவைத் துடைத்து வழித்தாற்போல் மழை அள்ளிக்கொண்டு போயிருந்தது. சருகில்லை, மேல்மண் இல்லை, வேரெல்லாம் வெளியே தெரிந்தது. சிவப்பு நாடா கட்டிய மரங்கள் நின்றன. ஒன்றிலும் சிரட்டை இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒவ்வொரு சிரட்டை, ஒழுங்காகத் தரையில் கவிழ்ந்து, வேர்களுக்கிடையில் பதிந்து கிடந்தது.

மரங்கள் ஈரம் காயாததால் அன்றைக்குப் பால்வெட்டு இல்லை. விறகு பொறுக்க வந்த மூக்காயி மேட்டிலிருந்து அவளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

“யாரு அக்கா இதெல்லாம் கவுத்தின?”

“நாந்தான் மிஸ்” என்றாள் மூக்காயி, ஒளிக்காமல். “நீங்க போன நாலாம் நாளே தண்ணியில புழு நெளிஞ்சுச்சு. நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா கண்ணால பாத்துட்டுச் சும்மா போக மனசு வரல. எம்புள்ள கெடந்த கெடை உங்களுக்குத் தெரியாது.”

றிப்தாவின் வாயில் கோபமாக ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அந்தக் கடைசிச் சொல்லில் அது கரைந்துபோயிற்று. ஒரு வேரில் உட்கார்ந்து அழுதாள். தொரை வந்தால் எதைக் காட்டுவாள்? மெஷின் ஓடைவரைக்கும் இறங்கும். அந்தச் சின்னக் குரல் இனி எங்கே கேட்கும், எந்தப் பதிவிலும் இல்லாத அந்தக் குரல்? அவளுக்குத் தன் பட்டம் கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

மூக்காயிக்குச் சங்கடமாகிவிட்டது. இப்போதே நாலைந்து சிரட்டையை மரத்தில் மாட்டி, ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றித் தருகிறேன், தொரைக்கு என்ன தெரியப்போகிறது என்றாள். அழுகைக்கு நடுவிலும் றிப்தாவுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரை ஊற்றலாம், முட்டையை எப்படி அக்கா ஊற்றுவது என்றாள். மூக்காயி அதைக் காதில் வாங்காமல் குனிந்து பக்கத்திலிருந்த சிரட்டையை எடுத்தாள். எடுத்தவள் நிமிரவில்லை.

“மிஸ்” என்றாள் மெதுவாக. “இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க.”

சிரட்டை இருந்த இடத்தில் மட்டும் மண் கரையாமல், கறுப்பாக, ஈரமாக, ஒரு வட்டமாக இருந்தது. அந்த மண்ணுக்குள் ஜவ்வரிசியை மண்ணில் புரட்டிப் போட்டாற்போல் சில மணிகள். றிப்தா மண்டியிட்டாள். கைவிளக்கை எடுத்து, மண் ஒட்டாத ஒரு மணியின்மேல் பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்தாள். உள்ளே வால் ஆட்டும் தலைப்பிரட்டை இல்லை. ஒரு தவளை இருந்தது. முழுத் தவளை. கையை மார்போடு மடக்கி, காலைச் சுருட்டி, இரண்டு கறுப்புக் கண்களால் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. பிறகு உள்ளுக்குள்ளேயே ஒருமுறை புரண்டு படுத்தது.

தலைப்பிரட்டையே இல்லாமல் நேராகத் தவளையாகப் பொரிக்கும் தவளைகள் இந்தத் தீவில் பல உண்டு என்று அவள் படித்திருந்தாள், பரீட்சையில் எழுதியும் இருந்தாள். இவனும் அந்தச் சாதிதான் என்று நினைக்க விடாமல் சிரட்டைத் தண்ணீர் அவள் கண்ணை மறைத்துவிட்டது. மலை முழுவதும் மண் கழுவிக்கொண்டு போன அந்த மழையில், இவற்றுக்குக் கூரையாக இருந்தது மூக்காயி கவிழ்த்த சிரட்டை. மூக்காயிக்கும் அது தெரியாது, றிப்தாவுக்கும் தெரியாது. தெரிந்தது அந்தத் தாய்த்தவளைக்கு மட்டும்தான்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி கிழிந்தது. ஒரு கை வெளியே வந்தது, பிறகு தலை. துவரம்பருப்பில் பாதிகூட இல்லாத ஒரு தவளை மண்மேல் ஏறி உட்கார்ந்து, தொண்டை துடிக்க உலகத்தைப் பார்த்தது.

“நீந்தாதா மிஸ் இது? தண்ணி வேணாமா?”

“வேணாம் அக்கா” என்றாள் றிப்தா. “இதுக்குத் தேவையான ஓடை முட்டைக்குள்ளயே இரிக்கி.”

மூக்காயி கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியைக் கும்பிட்டாளா, தவளையைக் கும்பிட்டாளா என்று றிப்தா கேட்கவில்லை. அவளுக்கும் ஏதாவது சொல்லித் தொழவேண்டும்போல் இருந்தது. ஸுப்ஹானல்லாஹ் என்று அவள் உதடு தன்பாட்டில் முணுமுணுத்தது.

அடுத்த சிரட்டையை ஒரு விரல் அளவுக்குத் தூக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் இருந்தன. அதற்கடுத்ததில் வெறும் மண். அதற்கும் அப்பால் ஒன்றின் கீழே எல்லாம் பொரித்து முடிந்து வெறும் தோல் மட்டும் கிடந்தது. அப்படியானால் பொரித்தவை எங்கே? றிப்தா தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். மண்துகள் என்று நினைத்தவற்றில் ஒன்று தாவியது. இன்னொன்று தாவியது. அவர்களைச் சுற்றிலும் தரை மெல்ல மெல்ல உயிரோடு அசைந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் இருந்த இடத்தில் கல்லாகிப்போனார்கள்.

மேட்டில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. தொப்பியும் பூட்ஸுமாகத் தொரை விறுவிறுவென்று இறங்கி வந்தார். றிப்தா வாயைத் திறப்பதற்குள் அவர் ஓடையோரத்து வரிசைக்குள் வந்துவிட்டார். தொரை வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் மூக்காயிக்குத் தெரிந்த வழக்கம். இந்தத் தடவை அவள் ஒதுங்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“தொரை, கால எடுக்காதீங்க. அப்படியே நில்லுங்க.”

அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அந்தத் திகைப்பிலேயே நின்றுவிட்டார். றிப்தா அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் கைவிளக்கைப் பிடித்துக் காட்டினாள். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பூட்ஸ் கயிற்றின் முடிச்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் தெரிந்தன. றிப்தா ஒரு சிரட்டையைத் தூக்கி, முட்டைக்குள் மடங்கிக் கிடந்த தவளையைக் காட்டினாள். தொரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அவருடைய போன் அடித்தது. சந்திக்கு வந்துவிட்ட மெஷின் டிரைவர். தொரை சிங்களத்தில், ஏதோ தொட்டில் பிள்ளை எழும்பிவிடும் என்பதுபோல் தணிந்த குரலில், மேல்பக்கம் மட்டும் வேலை, ஓடைப்பக்கம் ஒருவரும் இறங்கக் கூடாது, இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்கும் என்றார்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ஒரு காலைத் தூக்கப் பார்த்தவர் தூக்காமல் அப்படியே நின்றார். பிறகு தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

“மூக்காயி, இப்ப நான் எங்க கால் வைக்கிறது?”

மூக்காயி குனிந்து தரையைப் பார்த்தாள்.

“கொஞ்சம் இருங்க தொரை” என்றாள்.