எட்டு வயது கூடுதல்

எங்கள் ஊரில் எழுபத்தொன்பது வயதுக்காரர் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். நூறைத் தாண்டியவர்களின் முகங்களைத் தெருச்சுவர்களில் பெரிதாக வரைந்து வைத்திருக்கிற சார்டினிய மலையூர் இது. வாயைப் பிளந்தது என் மகள் ரிமேதியா மட்டும்தான். மருந்துக்கடை வைத்திருப்பவள். ஊரில் யாருக்கு எந்த மூட்டு வலிக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அம்மா, உனக்கு அறுபத்தெட்டு. லுசோரியோவுக்கு எழுபத்தொம்போது. ரெண்டு வருஷத்துல படுத்துடுவாரு. மறுபடியும் நீ மூத்திரச் சட்டி தூக்கப் போறியா?"

"படுத்தா நான் பாத்துக்கறேன். உனக்கென்னடி?"

"பாத்துக்குவ. அதான் எனக்குப் பயம்."

அவள் அப்பா பிரியாமோ பக்கவாதத்தில் விழுந்து பன்னிரண்டு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்ததால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள். வசந்தத்தில் பல்கலைக்கழக டாக்டர்கள் வந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிழடுகளின் உடம்புக்கு என்ன வயது என்று அளப்பார்கள். பிறந்த தேதி சொல்லும் வயது ஒன்று, இரத்தம் சொல்லும் வயது இன்னொன்றாம். "முதல்ல அவரு ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றாள்.

"நான் மட்டும் ஊசிக்குக் கையை நீட்டணுமா? நீயும் வா பொனாரியா" என்றார் லுசோரியோ. போனேன்.

ஆடு மேய்த்த கை அவருடையது. பலம் பார்க்கும் கைப்பிடியை அமுக்கச் சொன்னதும், "உடைஞ்சா என்னைக் கேக்கக்கூடாது" என்றார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், நின்றபடியே டாக்டரம்மாவுக்குப் பாலாடைக்கட்டி புகைபோடுவது எப்படி என்று விளக்கினார். நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கும் கால் ஆடவில்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தேன். பிறகு இருவரும் இரத்தம் கொடுத்தோம்.

கோடையில் முடிவு வந்தது. லுசோரியோவுக்கு அறுபத்தாறு. எனக்கு எழுபத்தாறு.

"சீட்டு மாறிப்போச்சு" என்றேன்.

"ரெண்டு தடவை பாத்துட்டேன்" என்றார் டாக்டரம்மா. "மூணு நாலு வயசு முன்னப்பின்ன இருக்கலாம். இது நோயும் இல்ல, சாகுற தேதியும் இல்ல. ரொம்ப காலம் தூக்கம் கெட்டிருந்தீங்களா? யாரையாவது பாத்துக்கிட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தம்மாவுக்கு ஏன் என்று புரிந்திருக்காது.

ரிமேதியாவிடம் சொன்னபோது கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். "அப்பாகிட்ட போன வயசும்மா அது."

"போகட்டும். உங்கப்பாவுக்குத்தானே குடுத்தேன்? தெருவுல போறவனுக்கா குடுத்தேன்?"

லுசோரியோவிடமும் மறைக்கவில்லை. ஒயின் கடையில் நாலு பேர் நடுவில் தன் அறுபத்தாறைப் பீற்றிக்கொண்டிருந்தார். "என்னுது எழுபத்தாறு" என்றேன். கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போனார். அப்புறம் ஒரு வாரம் ஆளைக் காணோம்.

அவருக்குப் பதிலாக அவர் மகன் பக்கீசியோ வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. எங்கப்பா உடம்பு இப்பத்தான் அறுபத்தாறு. உங்களுக்கு எழுபத்தாறு. நாளைக்கு யாரு யாருக்குச் சட்டி தூக்குறது?"

ரிமேதியா கேட்ட அதே கேள்வி. அதைச் சட்டை மாதிரி திருப்பிப் போட்டிருந்தான், அவ்வளவுதான்.

"உங்கப்பனைக் கேளுடா" என்று கதவைச் சாத்தினேன். வாய்தான் அப்படிப் பேசியது. எனக்கு அந்த மனுஷர் வேண்டும். அவருக்கு நான் வேண்டாமென்றால் தாங்கிக்கொள்வேன், ஆனால் அந்த எண்ணுக்காக வேண்டாமென்றால் சும்மா விடமாட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு லுசோரியோ. அவருக்கு முன்னால், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு பக்கீசியோ. மகனை இழுத்து வர ஒரு வாரம் பிடித்திருக்கிறது போல.

"எங்க மந்தையில ஒரு ஆடு தொலைஞ்சு போச்சு. உங்க வீட்டுப் பக்கம் வந்துச்சா?" என்றான்.

எங்கள் ஊரில் பெண் கேட்பது இப்படித்தான். குமரிகளுக்குச் செய்வது. கைம்பெண்ணுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. முறைப்படி நான் உள்ளறைக்குப் போய் ஒளிந்தேன்.

வீட்டார் வேறு ஆட்களைக் காட்டி விளையாட வேண்டும்.  ரிமேதியா பக்கத்து வீட்டுப் பெப்பினாக் கிழவியை இழுத்து வந்தாள். "இதுவா?"

"இது இல்ல."

"என்னைப் பாத்தா ஆடு மாதிரியாடா இருக்கு?" என்றாள் பெப்பினா.

ரிமேதியா பூனையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவா?"

"இதுவும் இல்ல." பக்கீசியோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரிமேதியா சிரிக்கவில்லை. "அப்போ அடையாளம் சொல்லுங்க."

மாப்பிள்ளை வாய் திறக்கக்கூடாது என்பது முறை. லுசோரியோ திறந்தார்.

"வயசு எட்டு கூடுதலா தெரியும். சீக்காளி ஒருத்தர் பக்கத்துல வருஷக்கணக்கா ராத்திரி கண்ணு மூடாம நின்ன ஆடு. அதான் அடையாளம். அது இனிமே தூங்கட்டும்மா. காவலுக்கு நான் இருக்கேன்."

கூப்பிடும்வரை நான் வெளியே வரக்கூடாது. யார் காத்திருப்பது? வந்தேன்.

"யோவ், குறட்டை விடுவியா?"

"விடுவேன்."

"அப்புறம் எங்கய்யா நான் தூங்குறது?"

ரிமேதியா வாசலை விட்டு விலகி நின்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு லுசோரியோவிடம் சொன்னாள்: "ராத்திரி ப்ரெஷர் மாத்திரையை மறந்துடுவாங்க. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

"குடுக்கறேன்மா."

பன்னிரண்டு வருஷம் நான் மாத்திரை எடுத்துக் கொடுத்த வீடு அது. எனக்கு எடுத்துக் கொடுக்கிறேன் என்று அங்கே யாரும் சொன்னதில்லை.