பிடு என்றால் விடு

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. எழுதினால் தணியும் என்றார்கள். அவர்கள் எழுதிப் பார்த்தவர்கள் இல்லை.

முதல் தொடக்கம்: விண்கலத்தின் டாக்டர் கண் விழித்து முகத்தைத் தடவினாள். கையில் தட்டுப்பட்டது கேப்டனின் மீசை...

(அடித்துவிட்டேன். சிரிக்க வைப்பது என் பிழைப்பு. இங்கே அது வேண்டாம்.)

இரண்டாம் தொடக்கம்: என் மனைவி இறந்து ஏழு மாதம் கழித்து நான்

(இதையும். 'நான்' என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது.)

ஆகவே அந்த விண்கலத் தொடரில் செய்வதையே செய்கிறேன். என்னை எடுத்து ஜாய்சன் என்ற ஒருவனுக்குள் போடுகிறேன். பெயர் கடன் வாங்கியது. மற்றவை அவனுடையவை.

2

ஜாய்சனுக்கு முப்பத்தொரு வயது. கன்னடத் தலைநகரின் ஆஸ்டின் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் டப்பிங் கூடத்தில், வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்றுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறான். அந்த வேலையில் ஒரே சட்டம், உதடு. திரையில் உதடு மூடினால் அங்கே 'ப' வர வேண்டும், இல்லையென்றால் 'ம'. பொருளை எப்படியும் வளைக்கலாம். உதட்டை வளைக்க முடியாது.

தொடரில் வரும் டாக்டருக்குக் குரல் கொடுத்தவள் பிரிஸில்லா. அதே ஊர், மர்பி டவுன்காரி. அவன் மனைவி.

முதல் சீசனில் ஒரு காட்சி. கேப்டன் புலம்புகிறார். "விடு கேப்டன்" என்று ஜாய்சன் எழுதியிருந்தான். அவள் "பிடு கேப்டன்" என்றாள்.

"பிடு இல்ல, விடு. தமிழ்ல சொல்லு."

"எங்க வீட்ல இதான்டா தமிழு. கன்னடத்துல பிடுன்னா விடுதானே? அர்த்தம் ஒண்ணுதான், பிடு."

"சேலத்துல இருக்கறவனுக்கு அது 'பிடி'ன்னு கேக்கும்."

"கேக்கட்டும். நீ மொதல்ல அந்தம்மா உதட்டப் பாரு."

பார்த்தான். உதடு மூடித் திறந்தது. 'வி'க்கு உதடு மூடாது, 'பி'க்கு மூடும். ஒரு முதுகலைப் பட்டமும் நாலு வருட அனுபவமும் கொண்டு அவன் எழுதியது தப்பு. அவள் வாய்ப்பழக்கத்தில் சொன்னது சரி.

அது அப்படியே ஒளிபரப்பானது. டாக்டர் எதைப் பிடிக்கச் சொல்கிறார் என்று நாலைந்து ஊர்க்காரர்கள் எழுதிக் கேட்டார்கள். பிறகு அந்தச் சொல் வராத வாரங்களில் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

டெங்கு. ஒன்பது நாள். இதற்கு மேல் இந்தக் கதைக்குள் மருத்துவமனை வராது.

3

நாலாவது சீசனில் உடல் மாறும் எபிசோட். இயந்திரக் கோளாறில் டாக்டரின் மனம் கேப்டனுக்குள்ளும் கேப்டனின் மனம் டாக்டருக்குள்ளும் போய்விடுகின்றன. கேப்டன் இடுப்பில் கைவைத்து நடக்கிறார். டாக்டர் இல்லாத மீசையை முறுக்குகிறாள். அவ்வளவுதான் கதை.

டப்பிங் இயக்குநர் தேசிகன் துள்ளிக் குதித்தான்.

"கடவுளாப் பாத்துக் குடுத்த எபிசோட்பா! உடம்பே மாறுது, வாய்ஸ் மாறினா எவன் கண்டுபிடிப்பான்? புதுப் பொண்ணு அனுஷாவ இதுலயே நுழைச்சிடலாம். சிரிச்சிட்டே பாப்பாங்க. முடியறதுக்குள்ள பழகிடும்."

"யாருக்கு?"

"ஆடியன்ஸுக்கு. வேற யாருக்கு?"

ஜாய்சன் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடினான்.*

* தேசிகனைக் கெட்டவனாக்க மூன்று முறை முயன்றேன். அடக்கத்தன்று மழையில் குடையைப் பிரிஸில்லாவின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி நின்றவன். அது என் கோபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

4

கேப்டனுக்குக் குரல் கொடுப்பவர் கோதண்டராமன். இரும்புச் சட்டியில் கரண்டி உரசுவது போன்ற குரல். பதிவின் நடுவே கேட்டார்: "தம்பி, இப்ப டாக்டர் எனக்குள்ளதானே இருக்கு? அப்ப அந்தப் 'பிடு' நாந்தானே சொல்லணும்?"

நியாயம். மனம் போன இடத்துக்குச் சொல்லும் போகும். எழுதிக் கொடுத்தான். அவர் மூச்சை இழுத்து, குரலைக் குழைத்து, "பிடூ" என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

(மன்னிக்கவும். அவன்.)

ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்காக அவன் கோதண்டராமனை மன்னிக்கவில்லை. தன் வாயையும்.

5

மிச்சம் ஒரு வசனம். இயந்திரம் சரியாகி எல்லாரும் அவரவர் உடலுக்குத் திரும்புகிறார்கள். டாக்டர் கண்ணாடி பார்த்து, தான் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். உதடு மூடியிருக்கிறது. திறக்கிறது, இன்னொரு முறை திறக்கிறது. இரண்டே அசை.

வந்துட்டேன். (உதடு மூடவில்லை.)

மறுபடியும் நான்தான். (நீளம்.)

மீண்டேன். (எவள் பேசுவாள் இப்படி?)

அனுஷா தாளோடு வந்தாள். "அண்ணா, கடைசி இடம் காலியா இருக்கு."

"தெரியும்."

"அக்கா பேசுன எபிசோட் எல்லாம் பாத்துட்டேண்ணா. அந்த வார்த்தைய நான் சொல்லமாட்டேன். அது அக்காவோடது. வேற எதாவது எழுதிக் குடுங்க."

அவள் திமிராகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பான்.

"வேற வார்த்தை இல்லம்மா!" என்று கத்தினான். "கண்ணு இல்லயா ஒனக்கு? உதடு மூடுது பாரு!"

கீழே பேக்கரியில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அனுஷா அசையவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு வரேண்ணா" என்றாள்.

6

முடிவுகள்.

அ. அனுஷா அந்தச் சொல்லைச் சொல்கிறாள். எல்லாருக்கும் பழகிவிடுகிறது. (எழுதினேன். கிழித்தேன்.)

ஆ. பிரிஸில்லாவின் பழைய 'பிடு'வை வெட்டி அங்கே ஒட்டுவது. தேசிகன் சம்மதிப்பான். ஆனால் அந்தப் பதிவில் சொல்லை ஒட்டியே அவள் சிரிப்பு இருக்கிறது. எந்த இடத்தில் வெட்டினாலும் சிரிப்பின் தலை போகிறது.

இ. வாய் அசையட்டும், சத்தம் வேண்டாம். (டிவி கெட்டுவிட்டது என்று ரிமோட்டைத் தட்டுவார்கள்.)

ஈ. ஜாய்சன் வேலையை விட்டு

முடியாது. இயந்திரம் சரியாகிவிட்டது. அவனிலிருந்து இறங்குகிறேன். நான்தான். மணி ஒன்பது ஐம்பது. அனுஷா மைக் முன்னால் நிற்கிறாள். தாளில் அந்த இடம் இன்னும் காலி.

எனக்காக வருத்தப்படாதீர்கள். அதை நிறையப் பேர் செய்துவிட்டார்கள். எல்லாரும் விடச் சொன்னார்கள், இன்றுவரை எவருக்கும் உதடு பொருந்தவில்லை. நீங்கள் வேலையைப் பாருங்கள். மனதுக்குள் வாசித்துக்கொண்டு வந்தவர் நீங்கள்; உங்கள் வாயும் இப்போது மூடித்தான் இருக்கும், அந்த டாக்டருடையதைப் போல.

இரண்டு அசை. திறக்கப் போகிறது.

சொல்லுங்கள்.