காசியம்மாள் பேர் வெட்டிய தண்ணீர்

1966ஆம் வருஷம் சித்திரையில், இண்டூர் காசியம்மாளின் கிணற்றுத் தண்ணீர் ஒரே பகலில் பாறைக்குள் புகுந்து வெளியேறிவிட்டது. போகிற போக்கில் கிணற்றுப் படியில் இருந்த பித்தளைக் குடத்தையும் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் அந்தக் குடம் முந்நூறு கஜம் தள்ளி வெங்கடாசலத்தின் கிணற்றில் ஒரு நெளிவுகூட இல்லாமல் மிதந்தது. நடுவில் இருந்ததெல்லாம் கருங்கல், அதில் மயிர் நுழைகிற விரிசல்தான் உண்டு. தண்ணீருக்கு அது போதும், குடத்துக்கும் போதுமாயிற்று. வெங்கடாசலம் வெடிவைத்துக் கிணற்றை அறுபதடிக்கு இறக்கி, கரண்டு மோட்டார் மாட்டியிருந்தார். ஆழத்தில் இருக்கிறவன் இழுத்தால் மேட்டுக் கிணறு வற்றாமல் என்ன செய்யும்?

குடத்தின் கழுத்தில், கல்யாணச் சீருக்கு வெட்டிய அவள் பேர் இருந்தது. பேர் வெட்டின பாத்திரத்தை அந்தப் பக்கம் யாரும் அமுக்கிக்கொள்ள மாட்டார்கள், அதனால் வெங்கடாசலம் குடத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"குடம் வந்துருச்சுங்க. தண்ணி?" என்றாள் காசியம்மாள்.

"தண்ணியில உம் பேரா வெட்டியிருக்குது? அந்த ரெண்டு ஏக்கரையும் எனக்கே குடுத்துட்டுப் பொழைக்கிற வழியப் பாரு" என்றார் அந்தப் பெரிய மனுஷர்.

காசியம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. புருஷன் போனபின் அந்த ரெண்டு ஏக்கர்தான் அவளுக்குச் சோறு. நேரே தர்மபுரிக்கு பஸ் ஏறி, பாத்திரத்துக்குப் பேர் வெட்டும் பக்ருதீன் பாயைக் கையோடு கூட்டிவந்து, விரிசலின் வாயில் தன் பேரை வெட்டச் சொன்னாள். "கல்லு என் உளியத் தின்னுரும்மா" என்று முனகிக்கொண்டே பாய் வற்றிய கிணற்றில் இறங்கினார். எட்டு நாள் குந்தியிருந்து புள்ளி புள்ளியாக வெட்டி முடித்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறென்ன வேலை! குடம் போனது வெள்ளத்தோடு, பேர் போனதோ கசிவோடு. மழையில் ஊறின கொஞ்சநஞ்சத் தண்ணீர் அந்தப் பேரை நனைத்துக்கொண்டு விரிசலுக்குள் நாளைக்கு அரையடி நகர்ந்தது. ஐந்து வருஷம் அவள் வானத்தைப் பார்த்துச் சாமை விதைத்து, கூழோ கஞ்சியோ குடித்துக் கிடந்தாள். ஒரு சென்ட் நிலம் விற்கவில்லை.

1971 தை மாதம் வெங்கடாசலத்தின் கரும்பில் கணுவுக்குக் கணு 'காசியம்மாள், இண்டூர்' என்று புள்ளி எழுத்து வந்தது. காய்ச்சினால் வெல்ல உருண்டையிலும் அதே பேர். கம்பைநல்லூர் வியாபாரிகள் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பேருக்காரங்கள வரச் சொல்லுங்க" என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வண்டி திரும்பிய பிறகு, வெங்கடாசலம் அவள் வாசலில் வந்து நின்றார். பேரை எப்படியாவது அழித்துவிடச் சொன்னார்.

"அது மட்டும் நடக்காதுங்க. வாரத்துல மூணு நாளு மோட்டாரு போட்டுக்குங்க, மிச்ச நாளு எங்கிணறு ஊறட்டும். அந்த மூணு நாளும் எங்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க."

கேட்டார். கிணறு ஊறியது. அவளே சந்தைக்குப் போய், "நாங்குடுத்த தண்ணிதானுங்க" என்று சொன்னதும் வெல்லம் விற்றது.

1974இல் வெங்கடாசலம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் தம்ளருக்குத் தம்ளர் அவள் பேர் மிதந்தது. வந்தவர்கள் வாசித்துவிட்டுக் குடித்தார்கள். காசியம்மாளும் பந்தியில் உட்கார்ந்து ஒரு தம்ளர் குடித்தாள். பரிமாறிக்கொண்டு வந்த வெங்கடாசலத்திடம், இன்னொன்று ஊற்றச் சொல்லி நீட்டினாள்.