சோற்றுப் பசை

நகக்கண்ணில் ஏறியிருந்த பச்சைச் சாயம் போகவில்லை. ஹேமலதா சீயக்காயைக் குழைத்து அக்காவின் கட்டைவிரலைத் தேய்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். பிறகு தன் நகத்தாலேயே சுரண்டினாள். சுற்றிலும் புடவையை மறைப்பாகப் பிடித்து நின்ற பெண்கள் கை வலித்து மாற்றிப் பிடித்தார்கள்.

"விட்டுடும்மா ஹேமா, அது அப்டியே கெடக்கட்டும்," என்றாள் ஜெயம்மாள், குடத்திலிருந்து தண்ணீர் மொண்டபடி. "நேத்து வெண்டக்காய வெட்டி, கலர்ல தொட்டு, புள்ளைங்கள அச்சு வெக்கச் சொன்னாங்க. ஒவ்வொன்னும் பூ மாரி வந்துச்சு. உம் பொண்ணு கைய இவங்களே புடிச்சுக்கினு வெச்சாங்க. அதுல ஒட்னது."

ஹேமலதா விரலை விடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

அக்கா அமிர்தவள்ளி ஆம்பூருக்குப் பக்கத்தில் அந்தக் காலனிக்கே பால்வாடி டீச்சர். ஜெயம்மாள் அங்கே சமைத்துப் போடுகிறவள். அமிர்தவள்ளிக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே புருஷன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. திரும்பி வந்து அப்பா வீட்டில் தங்கியவள், பிறகு எங்கேயும் போகவில்லை. தங்கை ஹேமலதாவுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடித்தனம். தங்கை ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். விடிந்ததும் விடியாததுமாக வேன் வந்து ஹாரன் அடிக்கும். நான்கு வயது மகள் தனுஸ்ரீயைத் தூக்கக் கலக்கத்தோடு தூக்கி வந்து அக்காவின் பாயில் போட்டுவிட்டு ஓடுவாள். சாயங்காலம் திரும்பி வந்து எடுத்துக்கொள்வாள். நடுவில் உள்ள பகல் முழுவதும் அக்காவுடையது.

இன்றைக்கும் அப்படித்தான் போட்டுவிட்டு ஓடினாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டபோது, அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்து போயிருந்தாள்.

அடுத்த வீட்டு ரஃபத் ஜஹான்தான் ஆட்டோவில் கூடப் போனவள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

"தனு வந்து என் துப்பட்டாவ புடிச்சு இழுத்துச்சு. 'பெரிம்மா சீப்ப கீழ போட்டுட்டாங்க, எடுக்க மாட்றாங்க'ன்னுச்சு. போய்ப் பாத்தா டீச்சர் செவுத்துல சாஞ்சிருந்தாங்க. கொழந்தைய தேடித்தான் கண்ணு போச்சு. அதுங்கிட்டதான் ஏதோ சொல்ல வந்தாங்க."

கேட்கும்போதெல்லாம் ஹேமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

தனு கூடத்தில் கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டியிருந்தது. இன்னொரு பக்கம் அவிழ்ந்து தோளில் கிடந்தது. சீப்பு விழுந்தது அந்தப் பக்கம் வாரும்போதுதான். ஹேமலதா அவளை இழுத்து மடியில் உட்கார்த்தி, அவிழ்ந்த பக்கத்தைக் கையில் எடுத்தாள்.

"நீ போடாத. பெரிம்மா போடுவாங்க."

"பெரிம்மா செத்துட்டாங்கடி. எழுந்துக்க மாட்டாங்க."

"தெரியும்," என்றது குழந்தை. தலையை மட்டும் உருவிக்கொண்டது.

ஹேமலதா பின்னிய பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று, ஒரு முடி பிசகாமல், தளர்வாக இருந்தது. சின்ன வயதில் அவளுக்கும் அக்காதான் பின்னிவிடுவாள். மண்டைத் தோல் இழுபட்டுக் கண்ணில் நீர் வந்துவிடும். "ஆடாத, நேரமாவுது" என்று தலையில் ஒரு குட்டு விழும். இந்தப் பின்னலில் அந்த அவசரம் எதுவும் இல்லை.

அம்மா போனபோது ஹேமலதா இப்போதைய தனுவைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். அக்காதான் வளர்த்தாள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து இருட்டும்வரை பீடி சுற்றினாள். ஹேமலதா முறத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். வெட்டி எறிந்த இலை ஓரங்களை ஒரு நாள் எடுத்து வைத்து வட்டமாக அடுக்கிப் பார்த்தாள். நல்ல இலை ஒன்றும் அதில் போய்விட்டது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புறங்கையில் ஒன்று போட்டாள். வலியைவிட அந்த நிமிராத தலைதான் இத்தனை வருஷமாக மனதில் நின்றது.

அதே அக்கா பால்வாடியில் பிள்ளைகளோடு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பாள். புளியங்கொட்டையையும் காராமணியையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்வாள். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் 'அ' போடச் சொல்வாள். ஒருத்தன் எல்லாவற்றையும் கவிழ்த்தாலும், "சரிடா, திரும்ப வார்லாம் வா" என்பாள். ஹேமலதா லீவு நாட்களில் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு நாள் சிரித்தபடியே கேட்டுவிட்டாள்.

"ஏங்க்கா, எனக்கு ஏன் இதெல்லாம் ஒன்னும் பண்ணல?"

அக்கா பசைக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ எனக்கே ஒன்னும் தெரியாதுடி. ட்ரெய்னிங்ல போய்த்தானே கத்துக்கினேன்."

உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் ஹேமலதாவுக்குத் தெரியவில்லை.

அக்கா கேட்டாள் என்று ஹேமலதா ஒரு முறை சூப்பர்வைசரிடம் நின்று கெஞ்சி, கழித்துப் போட்ட தோல் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கி வந்திருக்கிறாள். வழவழப்பு, சொரசொரப்பு என்று பிள்ளைகள் கண்ணை மூடித் தொட்டுச் சொல்ல வேண்டுமாம். மீந்த சிவப்புத் துண்டில் அக்கா ஒரு கோழி வெட்டித் தந்தாள். தனு அதை வீட்டுக்குக் கொண்டு வந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "பெரிம்மா குடுத்தாங்க" என்றாள். தோல் யார் கொண்டுவந்தது என்று ஹேமலதா சொல்ல வாயெடுத்தாள். நான்கு வயதுக் குழந்தையிடம் போட்டிக்கு நிற்கிறோமே என்று அடக்கிக்கொண்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மேளம் வந்துவிட்டது. பாடை கட்டி முடித்தார்கள். பால்வாடிப் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து வாசல் நிறைய நின்றார்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லை என்று சித்தப்பா குரல் கொடுத்தார்.

"ஏன் இல்ல? தனு புடிக்கட்டும்," என்றாள் ஜெயம்மாள். "அது டீச்சர் புள்ளதானே. ஊருக்கே தெரியும். வாய் தவறி அம்மான்னுகூட கூப்டும்."

"அது என் புள்ள!"

மேளக்காரர்கூடக் கோலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஹேமலதா குழந்தையை வாரித் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். தனக்கே அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஜெயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

நவீன்குமார் பக்கத்தில் வந்து நின்றான். புருஷன் அதட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெல்லத்தான் சொன்னான்: "ஹேமா, கொழந்தைக்கு வலிக்குது. இறுக்காத."

கை தளர்ந்ததும் தனு வழுக்கிக்கொண்டு இறங்கினாள். நேராகப் போய்ப் பந்தத்துக்குக் கையை நீட்டினாள். யாரோ சின்னக் குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொடுத்தார்கள். நவீன்குமார் அடியில் பிடித்துக்கொண்டான். குழந்தை சுடரைப் பார்த்தபடி, தடுமாறாமல், ஒவ்வொரு அடியாக வைத்து அமிர்தவள்ளியைச் சுற்றி வந்தது. வரிசையில் நடக்கப் பழக்கிய நடை.

ஹேமலதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னிடமிருந்து மகளைப் பிடுங்கிக்கொண்டவள் என்று அக்கா மேல் எத்தனை நாள் பொருமியிருக்கிறாள். இப்போது பொருமல் அக்கா பக்கம் போகவில்லை. தனுவின் அந்த ஒற்றைப் பின்னல் பக்கம் போனது. அக்காவின் நிமிர்ந்த முகத்தை நாள் முழுக்கப் பார்த்தவள் அவள். கடைசியாகப் பார்த்தவளும் அவள்தான். பெற்ற மகள் மேலேயே இப்படி எரிகிறதே என்று நினைத்தபோது, ஹேமலதாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சத்தமாக அழுகை வந்தது.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் ரோட்டைத் தாண்டித் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜெயம்மாள் துடைப்பத்தோடு நிற்க, ஹேமலதா போய் அதைக் கையிலிருந்து வாங்கினாள்.

"மனசுல வெச்சுக்காதக்கா."

"அட போம்மா," என்றாள் ஜெயம்மாள். கண்ணைப் பார்க்கவில்லை.

வெயில் இறங்குவதற்குள் சித்தி தன் வீட்டிலிருந்து சோறும் ரசமும் கொண்டுவந்தாள். பழைய பேப்பரை விரித்து எல்லோரையும் உட்காரச் சொன்னாள். ஹேமலதா கூடத்தில் பிசைந்த சோற்றைப் பார்த்தபடி இருந்தபோது, பின்னால் சர்ரென்று காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

தனு தட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பேப்பரைக் கிழித்து, வெறுஞ்சோற்றை விரலில் நசுக்கிப் பின்பக்கம் தடவி, சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கழுவிய சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு துண்டு. அதை ஒட்டி ஒரு குட்டித் துண்டு.

"சோத்த வெச்சுக்கினு இன்னா வெளையாட்டு இது? சாவு வூட்ல!" என்றாள் சித்தி. "ஹேமா, ரெண்டு போடு அதுக்கு."

ஹேமலதா எழுந்து போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு இது?"

"பெரிம்மா."

"இந்தச் சின்னது?"

"நானு."

"அம்மா எங்க?"

தனு சுவரைப் பார்த்து யோசித்தாள். "அம்மா கம்பெனிக்குப் போயிருக்காங்க."

ஹேமலதா பேப்பரில் ஒரு துண்டு கிழித்தாள். தனுவின் தட்டிலிருந்து நான்கு பருக்கைகளை எடுத்து நசுக்கித் தடவினாள். அதைத் தனுவின் துண்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. நீளத் துண்டின் இன்னொரு பக்கத்தில், இடம் விடாமல் ஒட்டினாள்.

"இது யாரு?" என்றாள் தனு.

"நானு."

"அம்மாவா?"

"இல்ல. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ."

தனு முன்னால் குனிந்து அதை நன்றாகப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்து உரித்து, அம்மாவின் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.

"அப்போ சின்னதா கிழி."

வாசலில் ஆண்கள் திரும்பி வந்து, கால் கழுவத் தண்ணீர் கேட்கும் சத்தம் வந்தது. சித்தி ஹேமலதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஹேமலதா ஈரக் காகிதத்தை இரண்டாகக் கிழித்துக் காட்டினாள்.

"இன்னும் சின்னதா," என்றாள் தனு.